எண்ணூரில் கடலில் சேரும் ஆறும் அத்திரம்பாக்கத்துக் கல்லும்: கற்கருவி மரபுகளை எதை வைத்து ஒப்பிடுவது?

கொசஸ்தலைக் கரை, எண்ணூர் | ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். பழைய கற்காலக் கருவிகளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் தன் நோட்டில் எழுதி வைத்திருந்த ஒரு கட்டத்தைக் காட்டினாள். கீழ்ப் பழங்கற்காலம் என்றால் கைக்கோடரி, இடைப் பழங்கற்காலம் என்றால் செதில் கருவி, அதாவது பெரிய கல்லிலிருந்து தட்டி எடுத்த சில்லு. மேல் பழங்கற்காலம் என்றால் நீளமான அலகு, கத்தி போல நீண்ட செதில். அப்புறம் கேட்டாள்: "அப்பா, கைக்கோடரி செஞ்சவங்களே பிறகு செதில் கருவி செய்யக் கத்துக்கிட்டாங்களா, இல்ல வேற ஆளுங்க வந்தாங்களா? ஒண்ணவிட இன்னொண்ணு ஒசத்தின்னு எதை வச்சுச் சொல்றாங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல்தான் இந்தியாவில் பழைய கற்கால ஆய்வுக்குத் தொடக்கம். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அது கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் ஊர். பூண்டி, வல்லூர் அணைக்கட்டு எல்லாம் தாண்டி வந்து நம் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறதே, அதே ஆறு. இந்த ஆற்றைச் சாம்பல் படிந்த கழிமுகமாக மட்டுமே பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அது பெரிய செய்தியாக இருந்தது.

ஆனால் அவள் கேட்ட இரண்டு கேள்விக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், அவளும் படிப்பாள்.

கல்லும் மண்ணும், பெரம்பூர் | ஞாயிறு, இரவு 11.05

தொல்லியலில் முதுகலை படித்தவள் நான், இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். உங்கள் மகளின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "எதை வச்சுச் சொல்றாங்க" என்பது தெளிவானால்தான் முதல் கேள்வியைத் தொடவே முடியும்.

முடிந்த கருவியின் வடிவத்தை மட்டும் பார்த்தால் அழகாக இருப்பதை உயர்ந்தது என்று சொல்லிவிடுவோம். கல்லைக் கையில் எடுத்ததிலிருந்து தூக்கிப் போடும்வரை என்னென்ன வரிசையில் செய்தார்கள், ஓர் அடி அடிக்கும்போது எத்தனை அடி முன்னால் யோசித்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கருவி மட்டும் போதாது. உடைந்து விழுந்த சில்லுகளும் வேண்டும். அகழாய்வில் ஒரு சில்லைக்கூட விடாமல் பொறுக்குவது இதற்காகத்தான்.

இப்படிப் பார்த்தால் கென்யாவில் லொமெக்வி என்ற இடத்தில் கிடைத்தவை எல்லாவற்றுக்கும் முந்தியவை. 33 லட்சம் ஆண்டு. 2015இல் அறிவித்தார்கள். பல கிலோ எடையுள்ள கல்லை இரண்டு கையாலும் தூக்கி, கீழே கிடக்கும் இன்னொரு கல்லின் மேல் மோதியிருக்கிறார்கள். கூர்மையான விளிம்பு வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. எந்த இடத்தில் உடையும் என்பதில் பிடிமானம் குறைவு.

அடுத்தது ஓல்டுவான். தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் இருந்து வந்த பெயர். எத்தியோப்பியாவின் கோனாவில் 26 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை இருக்கின்றன. ஒரு கையில் தாய்க்கல், இன்னொரு கையில் சுத்தியல் கல். தாய்க்கல் என்று நான் சொல்வதைப் பாடநூலில் கருக்கல் என்று போட்டிருப்பார்கள். செதில் அதிலிருந்துதான் பிறக்கிறது என்பதால் எனக்குத் தாய்க்கல் என்பதே பிடிக்கும். இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் உடைந்திருக்கும் கூழாங்கல்லைத்தான் வெகு காலம் "வெட்டுக்கருவி" என்று பெயரிட்டு வரிசைப்படுத்தினார்கள். 1980களில் நிக்கோலஸ் டோத் தானே கல்லுடைத்துப் பார்த்து, அவற்றில் பல வெறும் மிச்சக்கல் என்றார். வெட்டுவதற்காக எடுத்தது செதிலைத்தான். கருவி என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தது செய்தவருக்குக் குப்பையாக இருந்திருக்கலாம்! வடிவத்தை நம்பி ஒப்பிடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

அதன் பின் அச்சூலியன், அதாவது கைக்கோடரி மரபு. பிரான்சின் செயின்ட் அச்சூல் என்ற இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது, ஆனால் பிறந்த இடம் ஆப்பிரிக்கா. கென்யாவின் கொக்கிசெலெயில் 17.6 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை உண்டு. இரண்டு முகத்திலும் சுற்றிச் சுற்றிச் செதுக்கி, இடமும் வலமும் ஒத்து, நுனி கூம்பி வர வேண்டும். ஒரு முகத்தில் செதில் விழுந்த பள்ளம்தான் மறுமுகத்தை அடிப்பதற்கான மேடை. கல்லுக்குள் இல்லாத ஒரு வடிவம் மனதில் இருந்தால்தான் இது நடக்கும்.

அப்புறம் லெவல்வா. பாரிஸ் பக்கத்தில் ஒரு புறநகரின் பெயர். இதில் தாய்க்கல்லின் முதுகை ஆமை ஓடு மாதிரி முதலில் பக்குவப்படுத்துகிறார்கள். ஓரமெல்லாம் சீவி, மேடையைத் தயார் செய்து, கடைசியில் ஒரே ஓர் அடி. நினைத்த அளவில், நினைத்த வடிவில் செதில் பிரிந்து வரும். கைக்கோடரி செய்தவர் கல்லைக் குறைத்துக்கொண்டே போய் வடிவத்தை அடைந்தார். லெவல்வா செய்தவர் வடிவத்தைத் தாய்க்கல்லின் மேல் முன்கூட்டியே எழுதிவிட்டு, ஒரே அடியில் உரித்தெடுத்தார். பழைய கற்காலத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

நீள அலகு, நுண்கற்கருவி எல்லாம் அதன் பிறகு. ஒரு கிலோ கல்லில் எவ்வளவு நீளத்துக்கு வெட்டும் விளிம்பு கிடைக்கிறது என்று கணக்குப் போட்டால் அலகு செய்பவர்தான் ஜெயிப்பார். ஆனால் அந்தக் கணக்கு, நல்ல கல்லுக்கு வெகு தூரம் நடக்க வேண்டிய ஊரில்தான் பொருந்தும். திருவள்ளூர்ப் பக்கம் அல்லிக்குழி மலைச்சரிவில் குவார்ட்சைட் உருண்டைகள் கொட்டிக் கிடக்கின்றன. அங்கே இருந்தவர் எதற்குக் கல்லைச் சிக்கனம் பிடிக்க வேண்டும்?

அம்மிக்கல், வியாசர்பாடி | திங்கள், காலை 6.50

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் தாத்தாவும் அப்பாவும் அம்மி, ஆட்டுக்கல் கொத்தினவர்கள். தாத்தா "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று குரல் கொடுத்துக்கொண்டே புளியந்தோப்பிலிருந்து கொருக்குப்பேட்டை வரை நடப்பார். நான் கிரானைட் கடையில் கல் அறுக்கும் மெஷினில் நிற்கிறேன். கல் உடையும் விதம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொத்துவது வேறு, உடைப்பது வேறு. அம்மி கருங்கல். அதன் மேல் உளியை வைத்துத் தட்டினால் அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி விழும், பொடி பறக்கும், அவ்வளவுதான். விரிசல் ஓடாது. கருங்கல்லில் வேறு வேறு மணிகள் பின்னிக்கொண்டு இருப்பதால் அடியின் வேகம் மணிக்கு மணி தடுமாறி நின்றுவிடும். மிளகாய் அரைக்கும் கல்லுக்கு அந்தக் குணம்தான் வேண்டும்.

குவார்ட்சைட் மணல் இறுகி ஒரே கல்லாக ஒட்டிப்போனது. அடித்தால் விரிசல் மணலைச் சுற்றிப் போகாது, மணலையே அறுத்துக்கொண்டு நேராகப் போகும். அதனால்தான் கத்தி மாதிரி விளிம்பு வருகிறது. தாத்தா ஒரு கல்லை வாங்கும் முன் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காதை வைப்பார். கணீரென்றால் நல்ல கல். சொத்தென்றால் உள்ளே விரிசல். கைக்கோடரி செய்தவரும் அப்படித் தட்டிப் பார்த்துத்தான் எடுத்திருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. உள்விரிசல் இருக்கும் கல்லில் அரை நாள் வேலை செய்து, கடைசி அடியில் இரண்டாகப் போனால் யாருக்குத்தான் தாங்கும்?

கல்லும் மண்ணும், பெரம்பூர் | திங்கள், காலை 8.15

தம்பி, இது எந்தப் புத்தகத்திலும் எனக்கு இவ்வளவு எளிமையாகக் கிடைக்கவில்லை. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் தாத்தாவின் கொத்து வேலைக்குக் கற்கால வரிசையிலேயே ஓர் இடம் இருக்கிறது. புதிய கற்காலத்தில் கோடரியைக் கொத்தி, பிறகு தேய்த்து வழவழப்பாக்கினார்கள். அதற்குக் கருங்கல் வகை ஏற்றது, செதில் எடுக்க ஏற்றதல்ல. கல் மாறினால் வேலையும் மாறுகிறது.

மட்டிக்காரன், காசிமேடு | திங்கள், மதியம் 1.30

நல்ல உடைப்பில் விழுந்த செதிலை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் வளைய வளையமாக அலை தெரியும் என்று படித்திருக்கிறேன். மட்டி ஓட்டின் முதுகில் இருப்பது போலவே இருக்குமாம். உண்மையா?

கல்லும் மண்ணும், பெரம்பூர் | திங்கள், மதியம் 2.10

உண்மைதான். ஆங்கிலத்தில் அந்த உடைப்புக்கு வைத்திருக்கும் பெயரே சிப்பி ஓட்டை வைத்து வந்தது. சிக்கிமுக்கிக்கல்லில் அலை பளிச்சென்று தெரியும். குவார்ட்சைட்டில் சொரசொரப்பு அதிகம், அலை மங்கலாக இருக்கும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பு ஒன்று இருக்கும், அதை விரலால் தடவினாலே உணரலாம்.

தண்டை வாசகன், தண்டையார்பேட்டை | திங்கள், இரவு 8.45

எல்லாரும் கல்லைப் பேசுகிறீர்கள், மரபை விட்டுவிட்டீர்கள். இந்தியாவில் இரண்டு மரபு உண்டு என்று படித்திருக்கிறேன். வடக்கே, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் சோகன் ஆற்றுப் பக்கம் கூழாங்கல் வெட்டுக்கருவி, தெற்கே நம் சென்னை மரபு, அதாவது கைக்கோடரி. ஆசியாவைக் கிழக்கு, மேற்கு என்று பிரிக்கும் மொவியஸ் கோடு என்று ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கிழக்கே கைக்கோடரியே இல்லை. அப்படியானால் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரி செய்த நம் முன்னோர் 15 லட்சம் ஆண்டுக்கு முன்பே மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள் என்றுதானே பொருள்? தமிழனின் தொன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஏன் இதைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறோம்?

கல்லும் மண்ணும், பெரம்பூர் | திங்கள், இரவு 10.30

தண்டை வாசகன் ஐயா, சென்னை மரபு என்ற பெயர் உலகத் தொல்லியல் நூல்களில் இருக்கிறது என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் மூன்று இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

சோகன், சென்னை என்ற இரட்டைப் பிரிவு 1930களில் டி டெர்ராவும் பேட்டர்சனும் செய்த ஆய்விலிருந்து வந்தது. சோகன் ஆற்றின் படிக்கட்டு மேடுகளை இமயமலையின் பனிக்காலங்களோடு பொருத்தி வரிசை போட்டார்கள். அந்தப் பொருத்தம் பின்னால் வந்த நிலவியல் ஆய்வுகளில் நிற்கவில்லை. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் பகுதியிலும் கைக்கோடரிகள் கிடைத்திருக்கின்றன.

மொவியஸ் கோட்டை 1940களில் ஹல்லம் மொவியஸ் போட்டார். சீனாவின் போஸ் பள்ளத்தாக்கில் சுமார் 8 லட்சம் ஆண்டுப் பழமையான, இரண்டு முகமும் செதுக்கிய பெரிய கருவிகள் கிடைத்ததை 2000இல் வெளியிட்டார்கள். கோடு முழுக்க அழிந்துவிடவில்லை, கிழக்கே கைக்கோடரி குறைவு என்பது இன்னமும் உண்மை. ஆனால் குறைவுக்கு அறிவுக் குறைவுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? மூங்கில் நிறைந்த காட்டில் கூர்மைக்கு மூங்கிலே போதும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். மூங்கில் மக்கிவிடும், கல் தங்கிவிடும். தங்கியதை மட்டும் பார்த்து மதிப்பெண் போடக்கூடாது.

மூன்றாவது முக்கியமானது. 15 லட்சம் ஆண்டுக்கு முன் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் பூமியிலேயே இல்லை. மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழைய எலும்புகள்தான் நம் இனத்தின் மிகப் பழையவற்றுள் வைத்துப் பேசப்படுகின்றன. அத்திரம்பாக்கத்தில் அந்தக் கல்லை உடைத்தவர் வேறொரு மனித இனம். அவருக்குத் தமிழன் என்றோ வேறு எதுவென்றோ பெயர் வைக்க முடியாது. அதனால் அந்த இடத்தின் பெருமை குறைவதாக எனக்குப் படவில்லை. நாம் பிறப்பதற்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் ஒருவர் உட்கார்ந்து கல்லைத் தட்டிக் காது கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

தண்டை வாசகன், தண்டையார்பேட்டை | திங்கள், இரவு 11.10

மூன்றாவதை ஏற்றுக்கொள்கிறேன். நான் அப்படி யோசித்ததே இல்லை. ஆனால் நான் படித்த அந்த 15 லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? கல்லுக்கு வயது எப்படிப் போடுகிறார்கள்? கல் அதற்கும் முன்பே இருந்திருக்குமே.

ஆய்வகத்தான், திருவொற்றியூர் | செவ்வாய், காலை 7.20

வேதியியல் ஆசிரியன் என்பதால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். கல்லின் வயதை அளக்கவில்லை, அது புதைந்த காலத்தை அளந்தார்கள்.

வெட்டவெளியில் கிடக்கும் கல்லின் மேல் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் ஓயாமல் விழுகின்றன. அதனால் குவார்ட்ஸ் மணிகளுக்குள் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்று இரண்டு கதிரியக்க அணுக்கள் உண்டாகின்றன. கிட்டத்தட்ட 7க்கு 1 என்ற விகிதம். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்றுவிடும், இருப்பது சிதையும். அலுமினியம் 26 ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டில் பாதியாகும். பெரிலியம் 10 பாதியாக ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டு ஆகும். ஒன்று வேகமாகக் குறைய, இன்னொன்று மெதுவாகக் குறைய, விகிதம் மாறிக்கொண்டே போகும். அந்த மாற்றம்தான் கடிகாரம். இங்கே குவார்ட்சைட் கருவி என்பதே ஒரு வரம், ஏனென்றால் கருவியையே அளக்கலாம்.

தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அத்திரம்பாக்கத்தின் அடி அடுக்குகளில் கிடைத்த கருவிகளை இப்படி அளந்து 2011இல் வெளியிட்டார்கள். சராசரி 15.1 லட்சம் ஆண்டு, கூட்டிக் குறைக்க 70 ஆயிரம். இரண்டாவது சாட்சி களிமண். பூமியின் வடக்கு தெற்குக் காந்தம் கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். அந்த அடுக்குகளின் களிமண் படியும்போது பதிந்த காந்தத் திசை இன்றைக்கு நேர் எதிராக இருக்கிறது. ஆகவே அதற்கும் முந்தியதுதான். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு முறைகள் ஒரே பக்கம் கை காட்டுவதால்தான் எனக்கு அந்த எண்மீது நம்பிக்கை.

கொசஸ்தலைக் கரை, எண்ணூர் | செவ்வாய், இரவு 9.00

மகள் உங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னாள். அலுமினியக் கணக்கை மூன்று முறை கேட்டுப் புரிந்துகொண்டாள். ஆனால் முதல் கேள்வியை விடமாட்டேன் என்கிறாள். அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிக்குப் பிறகு என்ன நடந்தது?

கல்லும் மண்ணும், பெரம்பூர் | செவ்வாய், இரவு 11.40

அந்த இடத்தின் சிறப்பே அதுதான். ஒரே குழியில், ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டு மரபுகளும் அடுக்கில் கிடைக்கின்றன. இரண்டு ஊரை ஒப்பிடும்போது கல் வேறு, காற்று மழை வேறு, என்ன காரணம் என்று பிரிக்கவே முடியாது. இங்கே கல் ஒன்றுதான், குவார்ட்சைட். மாறியது வேலை.

அடி அடுக்கில் அச்சூலியன். அந்தக் களிமண்ணில் இயற்கையாக உருண்டைக் கல் கிடையாது. அப்படியானால் பெரிய செதில்களையும் கற்களையும் வேறிடத்திலிருந்து தூக்கி வந்து அங்கே முடித்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் ஹுன்ஸ்கிப் பள்ளத்தாக்கில் இசாம்பூரைப் பாருங்கள். அங்கே சுண்ணாம்புக்கல் பலகை பலகையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்திலேயே உட்கார்ந்து செய்தார்கள், கல் எடுத்த இடமும் பட்டறையும் ஒன்று. இரண்டுமே அச்சூலியன்தான், இரண்டிலும் கைக்கோடரிதான். ஆனால் அத்திரம்பாக்கத்தில் இவ்வளவு கல் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சுமந்திருக்கிறார்கள். கருவியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

மேல் அடுக்குகளில் பெரிய கைக்கோடரிகள் அருகிப் போகின்றன. சிறிய செதில் கருவிகள், லெவல்வா முறையில் பக்குவப்படுத்திய தாய்க்கற்கள், முனைகள், கொஞ்சம் அலகும் வருகின்றன. 2018இல் அதே குழு இதற்குக் காலம் வெளியிட்டது. சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன் தொடங்கி 1,72,000 வரை. 7,000க்கு மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தார்கள். மணல் மணி கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளக்கும் முறை இது.

அதற்கு முன், இந்தியாவில் இடைப் பழங்கற்காலம் ஒன்றே கால் லட்சம் ஆண்டு வாக்கில், ஆப்பிரிக்காவிலிருந்து நம் இனத்தார் வந்தபோது கூடவே வந்தது என்ற கருத்து வலுவாக இருந்தது. அத்திரம்பாக்கத்து எண் அதை ஆட்டிவிட்டது.

ஆய்வகத்தான், திருவொற்றியூர் | புதன், காலை 6.40

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் லெவல்வா தலைகாட்டுகிறது. மூன்று கண்டத்தில் தனித்தனியாக ஒரே நுட்பம் தோன்றியது என்பதைவிட, யாரோ கொண்டுவந்தார்கள் என்பதுதானே எளிய விளக்கம்?

கல்லும் மண்ணும், பெரம்பூர் | புதன், காலை 8.05

எளியதுதான், ஆனால் கட்டாயமில்லை. ஆர்மீனியாவில் நோர் கெகி என்ற இடத்தில் சுமார் 3.3 லட்சம் ஆண்டுக்கு முந்திய எரிமலைக் கண்ணாடிக் கருவிகள் கிடைத்தன. ஒரே அடுக்கில் இரண்டு முகக் கருவியும் இருக்கிறது, லெவல்வாவும் இருக்கிறது. கைக்கோடரி வேலைக்குள்ளிருந்தே லெவல்வா உள்ளூரில் முளைத்தது என்று அந்த ஆய்வாளர்கள் 2014இல் வாதிட்டார்கள். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. கைக்கோடரியை மெலிதாக்க ஓரத்தைச் சீவி மேடை தயார் செய்பவருக்கு, "விழுகிற இந்தச் செதிலே நன்றாக இருக்கிறதே" என்று ஒரு நாள் தோன்றாமலா போகும்? இரண்டும் எதிரெதிர் மரபுகள் அல்ல, ஒன்றின் வயிற்றில் இன்னொன்று இருந்தது.

அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. இந்தியாவில் அவ்வளவு பழைய மண்டையோடு என்று நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982இல் அருண் சொனாகியா கண்டதுதான் இருக்கிறது. ஆகவே கல்லை வைத்து "இன்னார் வந்தார்" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒரே கருவியை இரண்டு இனம் செய்யலாம். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான லெவான்ட் பகுதியில் நியாண்டர்தால் என்ற வேறொரு மனித இனமும் நம் இனத்தாரும் லெவல்வா முறையிலேயே செய்திருக்கிறார்கள். மகளிடம் இப்படிச் சொல்லுங்கள் அண்ணா: மாறியது வேலை என்று கல் சொல்கிறது, ஆள் மாறினாரா என்பதை எலும்புதான் சொல்லும்.

மூலக்கடை மணி | புதன், மாலை 5.15

இவ்வளவு நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல் இருக்கிறது. அப்பா பூண்டிப் பக்கம் வேலைக்குப் போனபோது கொண்டுவந்தது. உள்ளங்கையைவிடப் பெரியது, செந்நிறம், ஒரு பக்கம் கூம்பலாக இருக்கிறது. இது கைக்கோடரியாக இருக்குமா? இருபது வருஷமாகக் காலால் தள்ளிக்கொண்டு இருக்கிறோம் என்று நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

கல்லும் மண்ணும், பெரம்பூர் | புதன், மாலை 6.30

மணி, முதலில் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். வெயிலில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஆற்றில் உருண்டு உடைந்த கல்லில் உடைப்பு கண்டபடி இருக்கும். மனிதர் உடைத்ததில் செதில் விழுந்த பள்ளங்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். இரண்டு முகத்திலும் அப்படி இருக்கிறதா? பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பு மெல்லிய வளைந்த கோடாக ஓடுகிறதா? பள்ளங்களின் நிறமும் மேல்தோலின் நிறமும் எப்படி இருக்கின்றன? அண்மையில் உடைந்தது என்றால் உள்நிறம் வெளுப்பாகத் தனியே தெரியும்.

மூலக்கடை மணி | புதன், இரவு 7.50

இரண்டு முகத்திலும் இருக்கிறது. ஒரு பக்கம் ஏழு பள்ளம், மறுபக்கம் ஐந்து எண்ணினேன். அடிப்பாகத்தில் மட்டும் கூழாங்கல்லின் வழவழப்பு அப்படியே இருக்கிறது. நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். அப்பாவிடம் கேட்டேன். எந்த வாய்க்கால் ஓரம், எந்தப் புளியமரத்துக்குப் பக்கம் என்றுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

கல்லும் மண்ணும், பெரம்பூர் | புதன், இரவு 8.20

அப்பா சொல்லும் அந்த வாய்க்காலையும் புளியமரத்தையும் இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கல்லின் மதிப்பில் பாதி அதில்தான். எங்கே கிடைத்தது என்று தெரியாத கைக்கோடரியை எந்த அடுக்கோடும் ஒப்பிட முடியாது. பூண்டியில் தமிழகத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டி ஒப்படையுங்கள். படத்தை வைத்து நான் முடிவு சொல்வது சரியாக இருக்காது. இன்னொன்று, இதைப் படித்துவிட்டு யாரும் பையை எடுத்துக்கொண்டு பொறுக்கக் கிளம்ப வேண்டாம். வயலில் கிடந்தால் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், கல்லை அங்கேயே விடுங்கள்.

கொசஸ்தலைக் கரை, எண்ணூர் | புதன், இரவு 9.10

சனிக்கிழமை நானும் மகளும் வருகிறோம் மணி. திருவள்ளூர் வரை ரயில், அங்கிருந்து பூண்டிக்குப் பஸ். பெரம்பூரில் ஏறுபவர்கள் சொல்லுங்கள்.

அம்மிக்கல், வியாசர்பாடி | வெள்ளி, இரவு 10.00

தோட்டத்துக்கு அழகுக்காக விற்கும் கூழாங்கல் ஒரு மூட்டை வாங்கினேன். அதில் தட்டிப் பார்த்துக் கணீரென்ற ஒன்பது கல்லைப் பிரித்தேன். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோல் உறை, காற்றோட்டமான இடம் என்று எல்லாம் சரி செய்துகொண்டு உட்கார்ந்தேன்.

உருண்டையான கல் அடியை வாங்கவே மாட்டேன் என்கிறது. எங்கே அடித்தாலும் சுத்தியல் கல் வழுக்குகிறது. விளிம்பு செங்கோணத்தைவிடக் குறுகலாக இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து அடித்தால்தான் செதில் வருகிறது. முதல் நாலு கல் வீண். ஐந்தாவதில் ஒன்று விழுந்தது, தீப்பெட்டி அளவு. அது விழுந்த பள்ளத்தின் ஓரத்தில் அடித்தபோது இரண்டாவது சுலபமாக வந்தது. ஒரு பள்ளம் அடுத்த அடிக்கு மேடை என்று அக்கா எழுதியது அப்போதுதான் கைக்குப் புரிந்தது. கைக்கோடரிக்கு முயன்றேன், எட்டாவது அடியில் இரண்டாகப் போய்விட்டது. கல் அறுப்பதில் பதினாறு வருஷம் கை பழகியவன் நான். அத்திரம்பாக்கத்துக்காரர் பக்கத்தில் உட்கார எனக்கு இன்னும் வெகு நாள் ஆகும்.

நாலு செதிலைக் காசிமேட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

மட்டிக்காரன், காசிமேடு | சனி, அதிகாலை 5.10

வந்தது தம்பி. விளிம்புக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன், புடைப்பு இருக்கிறது. விளக்கில் சாய்த்தால் அலை லேசாகத் தெரிகிறது.

ஏலம் முடிந்ததும் ஒரு பால்சுறாவில் போட்டுப் பார்த்தேன். சுறாத் தோல் உப்புத்தாள் மாதிரி, எங்கள் கத்தியே திணறும். செதில் முதல் இழுப்பிலேயே உள்ளே போய்விட்டது. முழு மீனையும் உரித்தேன். பாதிக்கு மேல் விளிம்பு மழுங்கியது, செதிலைத் திருப்பி மறு ஓரத்தால் முடித்தேன். பிடிக்கத்தான் கஷ்டம், மீன் நெய் பட்டு வழுக்குகிறது, துணியைச் சுற்றிக்கொண்டேன். பெரிய கல்லாக இருந்தால் கைக்குள் நின்றிருக்கும். சின்னச் செதிலுக்கு மரப்பிடி போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

மிச்சம் மூன்று செதில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் ஒரு வேலை முடித்துவிட்டு எட்டு மணிக்குப் பெரம்பூர் ஸ்டேஷனில் நிற்பேன், பாப்பாவிடம் கொடுக்கிறேன்.